வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கில்டு வங்கி: பூட்டு பலம், கணக்கு பலவீனம்

ரெய்டில் (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் சண்டையில்) தோற்றுக்கொண்டே இருந்ததால் கலைந்த கில்டுகள் (வீரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுக்கள்) உண்டு. "வங்கியில இருந்த ஃபிளாஸ்க் எல்லாம் எங்க போச்சு?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால் கலைந்தவையும் உண்டு (ஃபிளாஸ்க் என்பது சண்டையில் பலம் கூட்டும் மருந்து). இருபது முப்பது பேர் சேர்த்த பொருளையும் விளையாட்டுப் பணமான கோல்டையும் ஒரே இடத்தில் வைத்து, யார் எதைத் தொடலாம் என்று வரையறுக்கும் வசதி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது எவ்வளவு தாங்கும், எங்கே கைவிடும், கைவிடும் இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பூட்டும் சாவியும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று காட்டும் பதிவேடான லாக் (log) மட்டும் படுமோசம். ஆகவே லாக்கை நம்பி வங்கி நடத்தக் கூடாது. லாக்கைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே வராதபடி அனுமதிகளைப் போட்டு வைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

விலையும் இடமும்

கில்டு வங்கி 2007 நவம்பரில், பர்னிங் குருசேட் என்ற விரிவாக்கத்தின் காலத்து 2.3 பேட்ச்சில் (புதுப்பிப்பில்) வந்தது. ஒரு டேப்பில் (வங்கியின் ஒரு பிரிவில்) 14 வரிசை, வரிசைக்கு 7 என்று 98 இடங்கள். டேப்புகளை கில்டின் தலைவரான கில்டு மாஸ்டர் மட்டுமே வாங்க முடியும். முதல் ஆறு டேப்புகளின் விலை முறையே 100, 250, 500, 1000, 2500, 5000 கோல்டு; மொத்தம் 9,350. அன்றைக்கு 5000 கோல்டு என்பது வேகமாகப் பறக்கும் பயிற்சிக்கு ஒரு ஆள் கொடுத்த விலை. அதனால் ஆறாவது டேப்பை வாங்குவது கில்டே சேர்ந்து முடிவெடுக்கும் பெரிய செலவாக இருந்தது. இன்றைய பணவீக்கத்தில் அதே தொகை சில்லறைக் காசு. ஏழாவதும் எட்டாவதும் பிற்பாடு சேர்ந்தவை. அவற்றுக்கான வவுச்சரை கில்டு வியாபாரியிடம் வாங்க வேண்டும்.

ஆறு டேப்புக்கு 588 இடங்கள், எட்டு டேப்புக்கு 784. 2024-இல் தி வார் வித்தின் விரிவாக்கத்தோடு வந்த வார்பேண்ட் வங்கியோடு (ஒருவரின் எல்லா கேரக்டர்களுக்கும் பொதுவான சொந்த வங்கி) ஒப்பிட்டால் இதன் மலிவு புரியும். அதில் ஐந்து டேப்புகள், அதே 98 இடங்கள். விலை 1000, 25,000, 1,00,000, 5,00,000, 25,00,000. ஐந்தையும் வாங்க 31,26,000 கோல்டு ஆகும், கிடைப்பதோ 490 இடங்கள். பொருளைச் சேமித்து வைக்க மட்டும் தனி ஆளாக ஒரு கில்டு தொடங்கி வைத்திருக்கும் பழக்கம் இன்னும் போகாததற்குக் காரணம் இதுதான். ஆனால் வார்பேண்ட் வங்கிக்கு இரண்டு பலம் உண்டு. அதில் ஒழுங்குபடுத்தும் பொத்தான் இருக்கிறது, எந்த டேப்புக்கு எந்த வகைப் பொருள் போக வேண்டும் என்று குறிக்கவும் முடிகிறது. கில்டு வங்கியில் இரண்டும் இல்லை. கைவினை செய்யும்போது வார்பேண்ட் வங்கியில் உள்ள மூலப்பொருள் தானாகவே கணக்கில் சேரும். கில்டு வங்கியில் உள்ளதை முதலில் பைக்கு எடுத்தாக வேண்டும்.

ஆத்மாவோடு பிணைந்த (ஒரே கேரக்டருக்கு உரிய) பொருளையோ வார்பேண்டோடு பிணைந்த (ஒருவரின் கேரக்டர்களுக்குள் மட்டும் கைமாறும்) பொருளையோ கில்டு வங்கியில் போட முடியாது. புதிய விரிவாக்கங்களில் இந்த இரண்டு வகையும் பெருகிவிட்டதால், கில்டு வங்கிக்கு இன்றைக்கு மிஞ்சியிருப்பது நான்கு வேலைகள்: மூலப்பொருள், ரெய்டில் குடித்துத் தின்று தீர்க்கும் சரக்கு, அணிந்தால்தான் பிணையும் வகை ஆயுத உடுப்புகள், கோல்டு.

கில்டு வங்கியின் பெட்டகம் தலைநகரங்களின் வங்கியில் இருக்கிறது. வெளியூரில் இருந்தால் மொபைல் பேங்கிங் என்ற கில்டு சலுகை உண்டு. ஒருவர் அழைத்தால் 5 நிமிடம் பெட்டகம் அங்கேயே திறந்திருக்கும். மறுபடி அழைக்க ஒரு மணி நேரம் ஆகும். ரெய்டு வாசலில் இதைத் திறப்பதற்கு முன் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது பேர் முண்டியடித்தால் இடங்கள் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் வராமல் நேரம் முடிந்துவிடும்.

அனுமதிகள்: இந்த வசதியின் உயிர்

கில்டு சாளரத்தில் கில்டு கட்டுப்பாட்டைத் திறந்தால் மூன்று பக்கங்கள் வரும்: ரேங்க்குகளின் (உறுப்பினர் படிநிலைகளின்) பட்டியல், ஒவ்வொரு ரேங்க்கின் பொது அனுமதி, ஒவ்வொரு டேப்பின் அனுமதி. அதிகபட்சம் பத்து ரேங்க் வைக்கலாம், கில்டு மாஸ்டர் உட்பட. பலர் ரேங்க் பெயருக்கு அழகான பட்டங்கள் தேடுவதில் நேரம் போக்கிவிட்டு, இந்த மூன்றாவது பக்கத்தை ஒரு முறை பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். வங்கி பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தப் பக்கம்தான்.

ஒரு டேப்புக்கு, ஒரு ரேங்க்குக்கு, பார்க்கலாமா, போடலாமா, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டேக் (ஒரே இடத்தில் அடுக்கிய ஒரே வகைப் பொருள்) எடுக்கலாம் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். பார்க்கும் அனுமதியை எடுத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. கோல்டுக்குத் தனிக் கட்டம்: கையில் எடுக்கலாமா, உடுப்பு ரிப்பேருக்கு மட்டும் செலவழிக்கலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு. டேப்பின் பெயரையும் அமைப்பையும் மாற்றும் உரிமையும் தனி. இவ்வளவு நுணுக்கம் எல்லா விளையாட்டிலும் கிடையாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் கில்டில் பத்துப் பேர் சேர்ந்தவுடன் 500 இட வங்கி திறந்துவிடும், டேப் வாங்கும் செலவே இல்லை. ஆனால் பொருள் எடுக்கும் அனுமதி கொடுத்தால் முழு வங்கிக்கும் கொடுத்ததாகத்தான் அர்த்தம்; தினசரி வரம்பு என்ற ஒன்றே அங்கே இல்லை.

இந்த அமைப்பில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. மூன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால்தான் வரம்புகள் வேலை செய்யும்.

முதல் ஓட்டை, வரம்பு கேரக்டருக்குத்தானே தவிர ஆளுக்கு அல்ல. ரெய்டர் ரேங்க்குக்கு நாளைக்கு 5 ஸ்டேக் என்று வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு அதே ரேங்க்கில் முதன்மை கேரக்டர் போக நான்கு ஆல்ட் (கூடுதல் கேரக்டர்) இருந்தால் அவருக்கு நாளைக்கு 25 ஸ்டேக். ஆல்ட்டுகளுக்கென்று தனி ரேங்க் வைத்து, அதில் எடுக்கும் அளவைப் பூஜ்யமாகவும் ரிப்பேரை நிறுத்தியும் வைப்பதுதான் வழி. கில்டை நிர்வகிக்கும் ஆபீசர்களின் ஆல்ட்டுகளுக்கும் இதே விதி. "நான்தானே" என்று தன் ஏழு கேரக்டரையும் ஆபீசர் ரேங்க்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லா கில்டிலும் உண்டு. ஒருவருடைய கணக்கு திருடுபோனால் ஏழு மடங்கு நஷ்டம் வருவது அதனால்தான்.

இரண்டாவது, ஸ்டேக் என்ற அளவே இன்று அர்த்தம் இழந்துவிட்டது. ஒரு மூலிகையை எடுத்தாலும் ஒரு முழு ஸ்டேக்கை எடுத்தாலும் விளையாட்டுக்கு அது ஒரே கணக்கு. 2007-இல் மூலிகை 20-க்கு ஒரு ஸ்டேக். நாளைக்கு ஐந்து என்றால் அதிகபட்சம் 100. டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தின் காலத்திலிருந்து மூலப்பொருள் 1000 வரை ஒரே இடத்தில் அடுக்கிக்கொள்கிறது. அதே ஐந்து இன்றைக்கு 5000 மூலிகை. வரம்பை ஒன்றாகக் குறைத்தால் பயன் இல்லை. ஒரு ஆள் மூன்று வகை மூலிகை கேட்டால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு கைவேலை இருக்கிறது. எல்லோரும் எடுக்கும் டேப்பில் மட்டும் ஷிஃப்ட் அழுத்திப் பிரித்து 50, 50-ஆக வையுங்கள். அப்போது ஒரு எடுப்புக்கு 50-க்கு மேல் போகாது, ஐந்து எடுப்புக்கு 250. ஒழுங்குபடுத்தும் ஆட்-ஆனை (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரலை) அந்த டேப்பில் மறந்தும் ஓட்டக் கூடாது; எல்லாம் மறுபடியும் ஆயிரமாகச் சேர்ந்துவிடும். பெரிய இருப்பு ஆபீசர் டேப்பில் இருக்கட்டும், வாரம் ஒரு முறை பிரித்துப் போடுங்கள்.

மூன்றாவது ஓட்டை போடும் அனுமதியில் இருக்கிறது. போடுவதற்கு வரம்பே இல்லை. இது எப்படி ஆபத்தாகும் என்பதை லாக்கைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

லாக்: 25 வரி

ஒவ்வொரு டேப்புக்கும் கடைசி 25 நடவடிக்கைகள். கோல்டுக்கு ஒரு தனி லாக், அதுவும் 25. அவ்வளவுதான். இருபத்தாறாவது நடந்தவுடன் முதலாவது அழிந்துவிடும். நேரமும் "3 மணி நேரம் முன்பு", "2 நாள் முன்பு" என்ற கணக்கில்தான் தெரியும். தேதியும் நிமிடமும் கிடையாது. ஒரே இரவில் நடந்த இரண்டு எடுப்புகளில் எது ரெய்டுக்கு முன், எது பின் என்று சண்டை வந்தால் லாக் உதவாது.

இது நடைமுறையில் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று பாருங்கள். ரெய்டு தொடங்கும் முன் 20 பேர் ஆளுக்கொரு ஸ்டேக் ஃபிளாஸ்க் எடுத்தால் 20 வரி போய்விட்டது. மேற்கொண்டு ஐந்து பேர் எதையாவது போட்டால் நேற்றைய நிலவரம் முழுவதும் போச்சு. கோல்டு லாக் இதைவிட மோசம். கில்டு பணத்தில் செய்யும் ஒவ்வொரு ரிப்பேரும் அதில் ஒரு வரி. இருபது பேர் இரண்டு முறை ரிப்பேர் செய்தால் 40 வரி. போன வாரம் யாரோ பெரிய தொகை எடுத்திருந்தாலும், ஒரே ஒரு ரெய்டு இரவில் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

வேண்டுமென்றே அழிப்பதும் எளிது. குப்பைப் பொருள் 25-ஐத் தனித்தனியாகப் போட்டால் போதும், முன்னால் எடுத்தது லாக்கில் இருக்காது. எடுப்பதற்குத்தான் தினசரி வரம்பு, போடுவதற்கு இல்லை என்று மேலே சொன்னது இங்கேதான் கடிக்கிறது. விலையுயர்ந்த பொருள் இருக்கும் டேப்பில் யாருக்கு எடுக்கும் உரிமை கொடுக்கிறீர்கள் என்பதைப் போலவே, யாருக்குப் போடும் உரிமை கொடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த டேப்பில் இரண்டோ மூன்றோ பேர் மட்டுமே கைவைக்கிற மாதிரி இருந்தால், 25 வரி என்பதே பல வாரங்களுக்குத் தாங்கும். நாள் முழுவதும் கை மாறும் சரக்கையும் மாதத்துக்கு ஒரு முறை கை மாறும் சரக்கையும் ஒரே டேப்பில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஆட்-ஆன்கள் பாதி உதவிதான். பாக்னான், ஆல்ட்டஹாலிக் போன்றவை கடைசியாகப் பார்த்த இருப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். டிரேட்ஸ்கில்மாஸ்டர் பொருளைக் குழுக்களாகப் பிரித்து வங்கிக்கும் பைக்கும் மாற்றித் தரும். ஆனால் எந்த ஆட்-ஆனும் விளையாட்டு தருகிற 25 வரிக்கு மேல் பார்க்க முடியாது. பழையதைச் சேர்த்து வைக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் பெட்டகத்துக்குப் போய், ஒவ்வொரு டேப்பின் லாக்கையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். திறக்காத டேப்பின் விவரம் வந்து சேராது. ரெய்டு நாளில் தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீசர்களின் டிஸ்கார்ட் சேனலில் போடுவது எளிய வழி. கோல்டு இருப்பு தெரியும்படி எடுத்தால் லாக் அழிந்தாலும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2007-இலிருந்து இத்தனை வருடம் கழித்தும் இந்த 25 மாறவில்லை. இவ்வளவு பெரிய விளையாட்டில் நூறு வரியும் ஒரு தேதியும் கொடுப்பதற்கு என்ன தடை என்று விளங்கவில்லை. கில்டு வங்கிக்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியாததற்கு முதல் காரணம் இதுவே.

ஆறு டேப்பை எப்படிப் பிரிப்பது

வாரம் இரண்டு இரவு ரெய்டு போகும், இருபது இருபத்தைந்து பேர் உள்ள கில்டுக்கு இந்த அமைப்பு பொருந்தும்.

முதல் டேப் எல்லோருக்கும். மீந்துபோன மருந்து, பழைய மூலப்பொருள், புதியவர்களுக்கான பைகள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பார்க்கலாம், எடுப்பு பூஜ்யம். உறுப்பினர் ஆனதும் நாளைக்கு 2 அல்லது 3. இதில் வைப்பது எதுவாக இருந்தாலும், முழுவதும் காணாமல் போனால் யாரும் வருந்தாத பொருளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது டேப் போடுவதற்கு மட்டும். உண்டியல் மாதிரி: எல்லோரும் போடலாம், ஆபீசர் தவிர யாரும் எடுக்க முடியாது. இங்கே ஒரு வழக்கமான தகராறு வரும். வங்கிச் சாளரம் திறந்திருக்கும்போது பையில் உள்ள பொருளை வலது கிளிக் செய்தால், அது அப்போது திறந்திருக்கும் டேப்புக்குள் போய்விடும். அணிய நினைத்துக் கிளிக் செய்தவர் போட்டுவிட்டுப் பதறுவார். எடுக்க உரிமை இருக்காது. அன்றே லாக்கைப் பார்த்து ஆபீசர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் என்றால் அந்த வரி இருக்குமா என்பது நிச்சயமில்லை.

மூன்றாவது மூலப்பொருள், கைவினைஞர்களுக்கு. இடப் பற்றாக்குறை இங்கேதான் தொடங்கும். டிராகன்ஃப்ளைட்டில் 2022-இல் மூலப்பொருளுக்குத் தரம் வந்தது; ஒரே மூலிகை மூன்று தரத்தில் கிடைத்தால் மூன்று தனி இடம். பத்து வகை மூலிகைக்கு முப்பது இடம், தாது, தோல், துணி, மந்திரத்தூள் எல்லாம் சேர்ந்தால் 98 போதாது. மிகத் தாழ்ந்த தரத்தை வங்கியில் சேர்க்கவே வேண்டாம்; வந்ததும் விற்றுக் கோல்டாக்குங்கள்.

நான்காவது, தயாரான ரெய்டு சரக்கு. இதை உறுப்பினர்கள் நேரடியாக எடுக்கவே விடாதீர்கள். ரெய்டு தலைவரோ ஒரு ஆபீசரோ மொத்தமாக எடுத்து, கொப்பரையாகவும் விருந்தாகவும் தரையில் வைக்கட்டும். இருபது வரிக்குப் பதில் லாக்கில் நான்கைந்து வரி. கணக்கு இப்படி: ஃபிளாஸ்க் ஒரு மணி நேரம் நிற்கும், செத்தாலும் போகாது. மூன்று மணி நேர ரெய்டுக்கு 20 பேருக்கு 60. சாதாரணச் சாப்பாட்டின் பலன் செத்தவுடன் போய்விடும்; தி வார் வித்தினில் வந்த ஹார்ட்டி வகை விருந்து சாவிலும் நிற்கும். புதிய பாஸை (ரெய்டின் பெரிய எதிரியை) எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் இரவில் ஹார்ட்டி வகை மணிக்கு ஒன்று போதும். சாதாரண விருந்து என்றால் ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று வைக்க வேண்டியிருக்கும், அது கட்டுப்படியாகாது. இரண்டு வாரத் தேவை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். புதிய ரெய்டு திறக்கும் வாரத்தில் ஏலக்கடை விலை ஏறியே தீரும். அமெரிக்க சர்வரில் செவ்வாய், ஐரோப்பிய சர்வரில் புதன் வார மாற்றம் (ரெய்டு எதிரிகளும் பரிசுகளும் மீண்டும் திறக்கும் நாள்). அந்த நாளில் வாங்குவதைத் தவிர்த்து ஓரிரு நாள் கழித்து வாங்குங்கள்.

ஐந்தாவது, அணிந்தால் பிணையும் ஆயுத உடுப்புகளும் விற்பனைக்குள்ளவையும். ரெய்டின் சில்லறை எதிரிகளிடமிருந்து விழும் இவை சில சமயம் வங்கியில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட விலை போகும். ஏலக்கடை 5% பிடித்துக்கொள்ளும் என்பதையும், விலை வாரா வாரம் சரியும் என்பதையும் கணக்கில் கொண்டு விழுந்த வாரமே முடிவெடுங்கள்: ரெய்டருக்குக் கொடுப்பதா, விற்பதா. வங்கியில் வைத்து யோசிப்பது நஷ்டம். விற்பவர் யார், விற்ற தொகை எவ்வளவு என்பதைக் கில்டு செய்தியில் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கு இடம் இருக்காது.

ஆறாவது, கில்டு மாஸ்டரும் பொருளாளரும் மட்டும். மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதியும் வேண்டாம்.

ஒவ்வொரு டேப்பிலும் குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது. பெரும்பாலான கில்டுகளில் அது காலியாகவே கிடக்கும். என்ன போடலாம், யாரைக் கேட்டு எடுக்க வேண்டும், தீர்ந்தால் எவ்வளவு வாங்க வேண்டும் என்ற மூன்றையும் அதில் எழுதினால் ஆபீசர்களுக்கு வரும் தனிச் செய்திகளில் பாதி குறையும்.

ரிப்பேர்: கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடாத சலுகை

ரிப்பேருக்கான தினசரித் தொகையும் கையில் எடுப்பதற்கான தினசரித் தொகையும் ஒரே எண். கோல்டு எடுக்கும் கட்டத்தை நீக்கிவிட்டு ரிப்பேர் கட்டத்தை மட்டும் டிக் செய்தால், அந்த எண் ரிப்பேருக்கு மட்டும் செல்லும். ரெய்டருக்கு இப்படித்தான் வைக்க வேண்டும். இரண்டையும் டிக் செய்துவிட்டால், ரிப்பேருக்காக வைத்த பணத்தை யாரும் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

எவ்வளவு வைப்பது? ஒவ்வொரு சாவுக்கும் அணிந்திருப்பவற்றின் உறுதி 10% குறைகிறது. பத்துச் சாவில் எல்லாம் உடைந்துவிடும். உங்கள் கில்டில் பிளேட் கவசம் அணியும் ஒருவரின் உடுப்பு முழுவதும் சிவப்பான நிலையில் வியாபாரி கேட்கும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது முறை தோற்கும் இரவுக்கு அதன் மூன்று மடங்கு. அதை 20-ஆல் பெருக்கினால் ஒரு இரவின் உச்சபட்சச் செலவு. வாரத்துக்கு இரண்டு இரவு, மாதத்துக்கு எட்டு. அந்தத் தொகை மாத வரவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு அறிவியுங்கள்.

பணம் கசிவது வேறு ஒரு இடத்தில். லியாட்ரிக்ஸ் பிளஸ் போன்ற ஆட்-ஆன்களில் தானியங்கி ரிப்பேர் உண்டு, கில்டு பணத்தை முதலில் பயன்படுத்தும் தேர்வும் உண்டு. அதைப் போட்டு வைத்தவர் தனியாகச் சுற்றும்போது எந்த வியாபாரியைத் திறந்தாலும் செலவு கில்டுக்கு. அவருக்கே தெரியாமல் நடக்கும். திருட்டு என்று குற்றம் சாட்டும் முன் இதைக் கேளுங்கள். ரெய்டு நேரம் தவிர மற்ற நாளில் ரிப்பேர் கட்டத்தை எடுத்து வைப்பது பாதுகாப்பு. கில்டு மாஸ்டருக்கு அது கூடுதல் வேலைதான், ஆனால் கோல்டு லாக்கும் அதனால் பிழைக்கும்.

கேட்டக்ளிசம் விரிவாக்கத்தின் காலத்தில் கேஷ் ஃப்ளோ என்ற சலுகை இருந்தது. உறுப்பினர் பொறுக்கும் கோல்டோடு கூடுதலாக ஒரு பங்கு வங்கிக்குப் போகும். உறுப்பினர் பையிலிருந்து எதுவும் குறையாது. ரிப்பேர் செலவு அதிலேயே அடைந்துவிடும். முன்பின் தெரியாதவர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து அந்த வரவை மட்டும் அறுவடை செய்யும் கில்டுகள் முளைத்தன. பிற்பாடு சலுகையே நீக்கப்பட்டது. அதன் பிறகு வங்கிக்கு வரவு என்பது உறுப்பினர் கொடுப்பதும் கில்டு விற்பதும்தான்.

திருட்டும் இழப்பும்

நீங்கள் கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தி ஒரு உறுப்பினர் வங்கியைக் காலி செய்தால் விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் தலையிடாது. அது கில்டின் உள்விவகாரம் என்பதே அவர்கள் நிலை. கணக்கு ஹேக் ஆனது வேறு விஷயம், அதற்குப் புகார் கொடுக்கலாம். அதனால் ஆபீசர் ரேங்க்குக்கு ஆத்தென்டிகேட்டர் (கடவுச்சொல்லுக்கு மேல் ஒரு கூடுதல் பாதுகாப்புச் சோதனை) கட்டாயம் என்ற தேர்வை ரேங்க் அனுமதியில் போட்டுவிடுங்கள். இருந்தும் பலர் தொடாத கட்டம் இது. ஒருவரை விலக்குவதாக முடிவெடுத்தால், பேசுவதற்கு முன் ரேங்க்கைக் குறையுங்கள். பேசி முடித்த பின் குறைக்கலாம் என்று இருந்தால் அதற்குள் டேப் காலியாகிவிடும்.

வேறு ஒன்றையும் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. 2024-இல், தி வார் வித்தின் வந்த காலத்தில், பல கில்டுகளின் வங்கியிலிருந்து பொருள்கள் காணாமல் போயின. யாரும் எடுக்கவில்லை, விளையாட்டின் கோளாறு. மீட்கும் முயற்சிக்குப் பிறகு, எல்லாவற்றையும் திருப்பித் தர முடியவில்லை என்று பிளிஸார்டே அறிவித்தது. பல வருடம் சேர்த்த அரிய பொருள்களை அதில் இழந்தவர்கள் உண்டு, அந்தக் கோபம் நியாயமானது. வங்கி என்று பெயர் வைத்த இடத்தில் வைத்தது இருக்க வேண்டும். மறுபடி கிடைக்காத பழைய பொருள் இருந்தால், கில்டு வங்கியில் ஒரே இடத்தில் குவிக்காமல் நம்பிக்கையான ஒருவரின் சொந்த வங்கியிலும் பிரித்து வையுங்கள். பொருள் இருந்தது என்று காட்ட டேப்பின் ஸ்கிரீன்ஷாட்டாவது மாதம் ஒன்று இருக்கட்டும்.

யாருக்கு எவ்வளவு

2019-இல் வந்த கிளாசிக்கில் (இதே விளையாட்டின் பழைய வடிவம்) கில்டு வங்கியே இல்லை. அங்கே ஒரு ஆல்ட் கேரக்டரைப் பொதுவான வங்கியாக வைத்து, அஞ்சலில் பொருளை அனுப்பி, ஒரே ஒருவரை முழுவதும் நம்பி ஓட்டினார்கள். அதை அனுபவித்தவர்களுக்கு இந்த அனுமதிப் பக்கத்தின் அருமை தெரியும்.

ரெய்டு கில்டுக்கு ஆறு டேப்பும் அவசியம். வவுச்சர் டேப்புகள் மூலப்பொருள் நிரம்பி வழிந்தால் மட்டும். பெரிய, ஒருவரை ஒருவர் அறியாத சமூகக் கில்டுக்கு நான்கு போதும், அதில் உறுப்பினர் கைக்கு எட்டுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நேரில் பழகிய ஐந்தாறு நண்பர்கள் மட்டும் என்றால் முதல் இரண்டு டேப், 350 கோல்டு, ரேங்க் இரண்டு: நண்பர்களின் முதன்மை கேரக்டர்களுக்கு ஒன்று, ஆல்ட்டுகளுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் ஒன்று. முதல் ரேங்க்குக்கு இரண்டு டேப்பிலும் வரம்பைத் தாராளமாக விடலாம். இரண்டாவதற்குப் பார்ப்பதும் போடுவதும் மட்டும்.